ஒரு கொத்து வெள்ளை முடி

பாண்டீஸ்வரியின் புதுத் தலையில் முளைத்த முதல் முடி வெள்ளையாக இருந்தது. மாயழகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது தாண்டிய பெண்பிள்ளைக்கு நரை வருவது ஊர் உலகத்தில் நடக்காததா என்ன? அவள் பட்ட பாட்டுக்கு மொத்தத் தலையும் வெளுத்து முளைத்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு முளைத்ததெல்லாம் கறுப்பு. நல்ல மைக் கறுப்பு. வலது புருவத்துக்கு நேர் மேலே, நெற்றி முடிந்து தலை தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு கொத்து, கோழி இறகைச் செருகி வைத்ததுபோல வெள்ளையாகவே வளர்ந்தது. அதன் அடியில் புளியங்கொட்டை அகலத்துக்குத் தோலும் வெளுத்திருந்தது.

அந்தக் கொத்தை மாயழகனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். அவனுக்கு அதே இடத்தில் பிறவியிலேயே உண்டு. அவன் அப்பாவுக்கும் இருந்தது. சின்னமனூரில் அவன் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பெயர்ப்பலகையில் என்னவோ எழுதியிருக்கிறது. ஜனங்கள் சொல்வது 'வெள்ளைக்கொண்டை கடை' என்றுதான். அவன் மகன் தருணுக்கும் அதே கொத்து இருந்தது.

தருண் செத்துப்போய் அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவன் செத்தது குலதெய்வத்துக்கு முடி கொடுத்துவிட்டுத் திரும்பிய வழியில். சின்ன வயதில் அவனுக்கு டெங்கு வந்து கண் செருகிக் கிடந்தபோது பாண்டீஸ்வரி நேர்ந்துகொண்ட மொட்டை அது. இன்றைக்கு, நாளைக்கு என்று பையன் தள்ளிக்கொண்டே வந்தான். காலேஜில் அந்த வெள்ளைக் கொத்துக்கு ஒரு மவுசு இருந்தது. அதை ஜெல் போட்டுத் தூக்கி நிறுத்துவதற்கே காலையில் பாதிப் பொழுது போகும். கடைசியில் அம்மாவின் தொந்தரவு பொறுக்காமல் உட்கார்ந்தான். நாவிதர் தலையை நனைக்கும்போது, "ம்மா, இந்த வெள்ளைய மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்லவா?" என்றான். "சாமி கணக்குல ஓரவஞ்சனை ஆகாதுடா" என்று பாண்டீஸ்வரி சிரித்தாள். மழித்த மண்டையில் சந்தனம் பூசியதும் பையன் பச்சைப் பிள்ளையாகிவிட்டான்.

வாடகைக்கு எடுத்த வேன், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ரகம். புறவழிச்சாலையில் வரும்போது அடியிலிருந்த பேட்டரி பிடித்துக்கொண்டது. பூட்டிக்கொண்ட கதவை உதைத்துத் திறந்து அம்மாவை வெளியே தள்ளியது தருண். அவன் வெளியே வரவில்லை. மாயழகன் முன் இருக்கையில் இருந்தான். அவனுக்கு ஒரு கை மட்டும் லேசாகச் சுட்டது. ஏன் தனக்கு மட்டும் இப்படி என்று அவன் கேட்காத சாமி இல்லை.

பாண்டீஸ்வரிக்குத் தலைத்தோல், நெற்றி, வலது காது, கன்னத்தில் பாதி எல்லாம் போய்விட்டது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை செய்த டாக்டர் ரெஜினா நாகர்கோயில் பக்கத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி.

"வேற ஆளுத் தோலை வச்சா உடம்பு ஏத்துக்காது. இவங்க தொடையில எடுக்கலாம்னா அங்கயும் பாதி வெந்திருக்கு. அதனால இடுப்பெலும்புக்குள்ள இருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து வளர்ப்புப் பெட்டியில போடுவோம். எந்தச் செல் துடிப்பா வளருதோ அதைப் பெட்டியே பொறுக்கி எடுத்துக்கிடும். நாத்து விட்டுப் பிடுங்கி நடுற மாதிரின்னு வச்சுக்கிடுங்க. முடிக்காலோட முழுத் தோலா வரும்."

"ஒட்டிக்கிருமாம்மா?" என்றான் மாயழகன்.

"அவங்க சொந்தச் சதைதானே. சொந்தச் சதையை உடம்பு எதுக்கு வேண்டாம்ங்குது?"

அது அவனுக்குச் சட்டென்று விளங்கியது. கம்பெனி மோட்டாருக்குக் கம்பெனிப் பார்ட்டைப் போட்டால் சண்டையில்லை. டூப்ளிகேட்டைப் போட்டால்தான் சூடாகிப் புகையும். சரி என்றான்.

வெள்ளைக் கொத்து முளைத்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. தீக்காய வார்டில் கண்ணாடி வைப்பதில்லை. அவளுக்கும் தன் முகத்தைப் பார்க்கும் ஆசை இல்லை. அவள் எதற்குமே ஆசைப்படவில்லை. வாயில் ஊட்டினால் விழுங்குவாள், ஊட்டாவிட்டால் சும்மா கிடப்பாள். தைப்பொங்கல் வந்தபோது மட்டும் ஒருநாள் வாய் திறந்து புலம்பினாள். "இந்த வருஷம் கன்னிக்கு ஒண்ணும் எடுக்கலையே."

மாயழகனின் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். சின்னப் பிள்ளையாகவே பாம்பு தீண்டிச் செத்துப்போனாள். கல்யாணம் காணாமல் போன பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வம். பொங்கல்தோறும் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்துக் கும்பிட்டுப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவது அந்த வீட்டு வழக்கம். பாண்டீஸ்வரி எப்போதும் இரண்டு ஜோடி எடுப்பாள். "ஒரு கன்னிக்கு எதுக்குடி ரெண்டு?" என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, "பாவம், ஒத்தையிலயா விளையாடும்?" என்றாள். அவன் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பொம்பளைகள் கும்பிடும் சாமியில் ஆம்பளைக்கு என்ன வேலை?

பொங்கல் கழிந்து ஒருநாள் அவன் டிபன் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது, பாண்டீஸ்வரி அவன் போனைக் கையில் வைத்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

"ஏங்க, இங்க வாங்க" என்றாள். விரல் வெள்ளைக் கொத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது யாருன்னு பாருங்க."

"ஈஸ்வரி..."

"குடுத்த முடியைச் சாமி திருப்பிக் குடுத்திருச்சுங்க. எங்க கொண்டாந்து வச்சிருக்குன்னு பாருங்க."

அன்றைக்கு அவள் மூன்று இட்லி சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். மாயழகன் கைகழுவும் இடத்துக்குப் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். அது சந்தோஷமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். அவனுக்கு உடம்பு முழுவதும் ஆடியது.

சேதி ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மாயழகனின் அக்கா தங்கமணி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வந்தவள் அந்தக் கொத்தைப் பார்த்து, "என் மருமகனே, என் ராசா" என்று முத்தம் கொடுத்து, நர்ஸ் கத்தக் கத்த உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். சொந்தபந்தம் எல்லாம் வரிசை கட்டியது. விபூதி கொண்டுவந்தவர்கள் உண்டு. தருணுக்குப் பிடிக்கும் என்று கடலைமாவில் பொரித்த சீவல் கொண்டுவந்தவர்களும் உண்டு. பாண்டீஸ்வரி சீவலைக் கடித்துக்கொண்டே, "அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். சீப்பு வாங்கி வரச் சொன்னாள். கொத்தைத் தூக்கிச் சீவி நிறுத்தி, "இப்படித்தானடா நிக்கணும்?" என்று கேட்பாள். பக்கத்துக் கட்டில்காரிகள் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வருஷத் திதி நெருங்கியது. வீடு திரும்பியிருந்தார்கள். தங்கமணி அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, நாள் பாத்தாச்சு. மொட்டை போட்டுப் பிண்டம் வச்சுரு. பிள்ளை கரையேறணும்ல."

உள்ளே இருந்து பாண்டீஸ்வரி வெளியே வந்தாள். "யாரு கரையேறணும் மதினி? உசிரோட இருக்கிறவனுக்குத் திதியா? என் தலைமேல உக்காந்திருக்கான். நீங்க எள்ளுந் தண்ணியும் எறைச்சு அவனை அனுப்பப் பாக்குறீங்களா?"

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். உள்ளூர மாயழகனுக்கும் திதி கொடுக்க மனமில்லை. சீவலுக்குச் சிரிக்கும் மனைவியைக் கெடுத்துக்கொள்ள எவனுக்குத்தான் மனம் வரும்? திதி நின்றுபோயிற்று.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கன்னத்தில் புதுத்தோல் சேரும் ஓரம் சிவந்தது. பிறகு கறுத்து நீர் விட்டது. டாக்டர் ரெஜினா மறுபடியும் சேர்த்துக்கொண்டார். எதையெதையோ எடுத்து எங்கெங்கோ அனுப்பினார். இரண்டு நாள் கழித்து நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்பதை மாயழகன் அந்த ஒரு வருஷத்தில் கற்றிருந்தான்.

"பாண்டீஸ்வரி, இந்தத் தோல் உங்களது இல்லை."

"தெரியும்" என்றாள் பாண்டீஸ்வரி.

டாக்டர் திகைத்து மாயழகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளை வயித்துல இருக்கும்போது அதோட செல் கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலக்கும். பிள்ளை வெளியே போன பிறகும் கொஞ்சம் தங்கிப்போகும். எலும்புக்குள்ள, ஈரல்ல, இதயத்துலகூட. வருஷக்கணக்கா இருக்கும். இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா இந்தப் பெட்டி துடிப்பான செல்லைத் தேடுதுல்ல? நாப்பது வயசு செல்லைவிட இளசு எது? பிள்ளை விட்டுட்டுப் போனதுதான். அதைப் பிடிச்சு வளர்த்திருச்சு."

"முன்னாடியே பாக்கலயா?" என்றான் மாயழகன்.

"பாக்கல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவங்க எலும்புல இருந்துதானே எடுத்தோம்? அது வேற ஒருத்தரோடதா இருக்கும்னு எங்க யாருக்கும் தோணல. தோணியிருக்கணும். நான் ரெண்டு பிள்ளை பெத்தவ, எனக்காவது தோணியிருக்கணும்."

பாண்டீஸ்வரியின் முகத்தில் வெந்த பக்கமும் வேகாத பக்கமும் சேர்ந்து சிரித்தன. "அப்ப என் பிள்ளைதான்னு நீங்களே சொல்றீங்க. படிச்சவங்க வாயாலயே வந்துருச்சு."

"அம்மா, அதுல பாதி உங்க வீட்டுக்காரரு. அந்தப் பாதியை உங்க உடம்பு அந்நியமாப் பாக்குது. அங்கங்க நாலு செல்லா இருந்தவரைக்கும் கண்டுக்கல. இப்ப தலை முழுக்க அதுவே இருக்கு. சண்டை போட ஆரம்பிச்சிருச்சு. அடக்குறதுக்கு மருந்து குடுத்தா தீக்காய உடம்பு தாங்காது, கிருமி ஏறிரும். ரெண்டு நாளா குடுத்துப் பாத்துட்டேன், காய்ச்சல் கூடத்தான் செய்யுது. மொத்தத்தையும் எடுத்துரணும். மறுபடி உங்க செல்லைச் சரியாப் பாத்து எடுத்து வளர்த்து வைக்கிறேன்."

"எடுக்கலேன்னா?"

"விஷம் ரத்தத்துல ஏறும். உயிர் போயிரும்."

பாண்டீஸ்வரி கொத்தை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டாள். "என்னை வெளிய தள்ளிவிட்டுட்டு வெந்தவன் டாக்டரம்மா அவன். அவனை உரிச்சுப் போட்டுட்டு நான் பிழைச்சுக் கிடக்கவா? வேண்டாம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாயழகன் சொல்லாத நியாயம் இல்லை. அவனுக்கு இருப்பது இனி இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் போய் அவன் எந்த விளக்கைப் போடுவான்? காலைப் பிடித்தான். சண்டை போட்டான். கோயில் பூசாரியைப் போனில் பேச வைத்தான். அவள் அசையவில்லை. கன்னத்துக் கறுப்பு காதைத் தாண்டியது.

மறுநாள் காலை டாக்டர் ரெஜினா அவனைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணுதாம்மா. தருண்."

"கலைஞ்சுபோனது, குறையில போனது ஏதாவது?"

அவன் மேசைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்தான்.

"முழுசாப் பாத்துட்டேன். அது ஆம்பளைப் பிள்ளையோட செல் இல்லை. பொண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் அவங்களுக்கும் பிறந்திருக்க வேண்டிய பொண்ணு."

மாயழகனுக்கு ஒரு தோப்பு நினைவுக்கு வந்தது.

தருணுக்கு அப்போது மூன்று வயது. ஈஸ்வரிக்கு நாலு மாதம். தங்கமணி அக்காதான் ஆள் பிடித்துக் கொடுத்தாள். கைக்குள் அடங்கும் ஸ்கேன் கருவியோடு காரில் சுற்றும் ஒருவன். ஒரு தோப்பில் மோட்டார் அறைக்குள் கயிற்றுக்கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தான். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டான், சொன்னால் ஜெயில். இனிப்புப் பெட்டியைத் திறப்பான். ஆண் என்றால் லட்டு. பெண் என்றால் ஜிலேபி. ஈஸ்வரி கையில் ஜிலேபியை வைத்தான்.

"எடுத்துருவோம்" என்றான் மாயழகன். சிங்கக்குட்டி மாதிரி பையன் ஒருத்தன் இருக்கும்போது எதற்கு வம்பு, பெண் என்றால் ஆயுசுக்கும் செய்து மாளாது. அவனுக்கு அன்றைக்கு அது பெரிய யோசனையாகக்கூடப் படவில்லை. ரிப்பேர் ஆன மோட்டாரைப் பிரிக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னான். ஈஸ்வரி அழவில்லை, மறுத்துப் பேசவில்லை. அந்த ஜிலேபியைத் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். வந்து கையைக் கழுவ வெகுநேரம் ஆயிற்று.

"இந்த மாதிரி வேற யாருக்கும்...?" என்று கேட்டான். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"இந்தப் பெட்டித் தோல் வச்சவங்கள்ல பிள்ளை உண்டான பொம்பளைங்க அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம். சிலர் எந்தப் பிள்ளைன்னு பாத்துச் சொல்லுங்கன்னு அழறாங்க. சிலர் சொல்லவே வேண்டாம்னு போனை வச்சிர்றாங்க." டாக்டர் அவனை நேராகப் பார்த்தார். "இதை அவங்ககிட்ட நான் சொல்லியாகணும். அவங்க உடம்பு. நீங்க சொல்றதுன்னாலும் சரி."

"நானே சொல்றேன்" என்றான்.

வராந்தாவில் நடக்கும்போது அவனுக்குள் மெல்ல ஒரு நிம்மதி ஊறியது. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். தருண் இல்லை. அப்படியானால் கதை முடிந்தது. ஈஸ்வரி உயிரை விடத் துணிந்தது தருணுக்காகத்தானே? அது தருணே இல்லை, அன்றைக்கே வேண்டாம் என்று முடித்த ஒன்று என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வாள். பிழைத்துவிடுவாள். முருகா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். இருபது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் நடத்தியும் அவனுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

வார்டில் வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பாண்டீஸ்வரிக்கு உடம்பு கொதித்தது; கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஈஸ்வரி, அது தருண் இல்லை."

"யாரு சொன்னா?"

"டாக்டரம்மா பாத்துட்டாங்க. அது... பொம்பளைப் பிள்ளையோடதாம்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"தருணுக்கு அடுத்தது" என்றான்.

அவள் கை கொத்தின்மேல் போய் நின்றது. பிறகு மெதுவாக, கூச்சத்தோடு ஒன்று கேட்டாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கும் இந்த வெள்ளை வருமா?"

"வருமாம்."

"அய்யோ, தெரியாமப் போச்சே." அவள் கொத்தைக் கலைத்துவிட்டாள். "இத்தனை நாளா அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேனே. அவன் சீவுற மாதிரிச் சீவிவிட்டேனே. எம்புட்டுக் கோவிச்சிருப்பா."

அவள் அழ ஆரம்பித்தாள். தருண் போனபோதுகூட மாயழகன் அப்படி ஓர் அழுகையைப் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், உடம்பு மொத்தமும் குலுங்க, பல வருஷமாக அடைத்து வைத்த மடையைத் திறந்ததுபோல அழுதாள். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்ல சமயம் இதுதான் என்று நினைத்துச் சொன்னான்.

"அதான் சொல்றேன் ஈஸ்வரி. தருண் இல்லைன்னு ஆகிப்போச்சுல்ல? இப்ப எடுத்துருவோம்."

அழுகை நின்றது. அவள் அவனையே பார்த்தாள்.

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. இதே குரல்ல."

"ஈஸ்வரி, நான்..."

"தருணா இருந்தாக்கூட மனசைக் கல்லாக்கிக்கிட்டு விட்டுருப்பேனோ என்னமோ. அவனுக்கு ஊட்டுனேன், அடிச்சேன், கொஞ்சுனேன், வளத்தேன். இவளுக்கு நான் என்ன செஞ்சேன்? வெட்டி எடுங்கன்னு படுத்துக் குடுத்தேன். அம்புட்டுத்தான் செஞ்சேன். அப்படியும் போகாம எலும்புக்குள்ள ஒண்டிக்கிட்டு இருந்து, நான் வெந்து கிடக்கையில வந்து என் மூஞ்சியை மூடியிருக்கா. மறுபடியும் வெட்டி எடுங்கன்னு குடுக்கவா?"

அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தான். அப்போதுகூட அவன் வாயில் மன்னிப்பு என்று வரவில்லை. "எனக்கு யார் இருக்கா, எனக்கு யார் இருக்கா" என்றுதான் வந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, "எந்திரிங்க" என்றாள். "வீட்டுக்குப் போய்க் கன்னிப் பெட்டியைத் திறங்க. போன வருஷப் பொங்கலுக்கு வச்சது மேலாப்புல இருக்கும். பச்சை. எடுத்துட்டு வாங்க."

சின்னமனூருக்குப் போய்ப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினான். அதை அவன் திறப்பது அதுதான் முதல் தடவை. ரசகற்பூர வாசம் அடித்தது. ஒரு பக்கம் அத்தைக் கன்னியின் பாவாடைகள், எல்லாம் ஒரே அளவு, சின்னப் பிள்ளை அளவு. மறுபக்கத்தில் இருந்ததை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தான். மேலே பச்சைத் தாவணி, பாவாடை, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. அதற்கு அடியில் ஒரு சுடிதார். அதற்கடியில் கொஞ்சம் சின்னச் சுடிதார். பிறகு பாவாடை சட்டைகள், கீழே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே போயின. பிறகு கவுன். எல்லாவற்றுக்கும் அடியில், உள்ளங்கை அகலத்தில், பிறந்த பிள்ளைக்குப் போடும் நாடா வைத்த ஜுப்பா.

அவை எல்லாம் அவன் கூட்டிப் போய், துணிக்கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கையில், அவள் வாங்கியவை. துணி வளர்ந்துகொண்டே வந்ததை ஒரு வருஷம்கூட அவன் பார்த்ததில்லை.

போன் அடித்தது. டாக்டர் ரெஜினா உடனே வரச் சொன்னார்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பாண்டீஸ்வரிக்கு நினைவு தப்பியிருந்தது. மூக்கிலும் வாயிலும் குழாய். டாக்டர் வாசலிலேயே அவனை நிறுத்தினார்.

"விஷம் ஏறிருச்சு. இப்பவே எடுத்தா பிழைக்க வழி இருக்கு. பொழுது சாயுற வரைக்கும்கூடத் தாங்காது. அவங்க வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியும். என் காதால கேட்டேன். ஆனா நினைவு இல்லாதவங்களுக்குப் புருஷன்தான் சொல்லணும்ங்குது சட்டம்." அவர் முகத்தில் அந்தச் சட்டத்தின்மேல் மதிப்பு ஒன்றும் தெரியவில்லை. "சொல்லுங்க. எடுக்கவா, வேண்டாமா?"

மாயழகன் பச்சைத் தாவணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். தலையணையில் அந்தக் கொத்து, இப்போது தூக்கி நிறுத்தாமல், பெண்பிள்ளைக்கு வகிடு எடுத்ததுபோல ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. காய்ச்சலோடு யாரிடமோ சீப்பு வாங்கிச் சீவியிருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்டது கிடைக்கும், அவள் இருக்க மாட்டாள். சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். அவளுக்காக ஒரே ஒரு தடவை, அவள் சொன்னதைச் சொல்லத்தான் திறந்தான்.

"எடுத்துருங்க" என்றான்.

எடுத்ததை ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிடுவது வழக்கமாம். அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் தடவை அது எங்கே போயிற்று என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. தாவணியில் சுற்றி, சுடுகாட்டில் பச்சைக் குழந்தைகளைப் புதைக்கும் ஓரத்தில் தானே குழி தோண்டிப் புதைத்தான். என்ன பெயர் சொல்லி மண் தள்ளுவது என்று தெரியாமல் சும்மா தள்ளினான்.

பாண்டீஸ்வரி பிழைத்துக்கொண்டாள். இந்தத் தடவை டாக்டர் ஒவ்வொன்றாகச் சோதித்து, அவள் செல்லையே எடுத்து வளர்த்தார். அது சோம்பலாக வளர்ந்தது. மெல்லிய, வழவழப்பான தோல், முடிக்கால் வரவில்லை. கண் விழித்த அன்று அவள் கை தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது. பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், சோறு போட்டாள், துணி துவைத்தாள்.

திதி கொடுப்பதென்று தங்கமணி அக்கா மறுபடி நாள் குறித்தாள். மகனுக்கும், சொல்லாமல் இன்னொருத்திக்கும் சேர்த்து என்று மாயழகன் மனதில் வைத்துக்கொண்டான். வீட்டு முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தான். நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை எடுத்தபோது, தலைமேல் துணி போட்டு மூடிய பாண்டீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த வெள்ளைய மட்டும் விட்டுருங்க" என்றாள்.

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவனைக் குறித்து அவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. அதையும் அவள் நாவிதரிடம்தான் சொன்னாள்.

மழித்த மண்டையும் அதில் ஒரு கொத்து வெள்ளையுமாக அவன் கடைக்குப் போகிறான். ஊரே சிரிக்கிறது. சாப்பாடு போடும்போது பாண்டீஸ்வரி எதிரே உட்கார்ந்து அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வை அவன் கண்ணுக்கு வராது. நெற்றிக்கு மேலேயே நின்றுவிடும். அவன் தலையைக் குனிந்தால் கொத்து இன்னும் நன்றாகத் தெரியும் என்பதால், அவன் இப்போதெல்லாம் தலையைக் குனிந்தேதான் சாப்பிடுகிறான்.